படுத்துவிட்ட தொழிலாளிக்கு யார் பொறுப்பு?

ஓசூரின் முதல் தொழில் தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. அவர்களில் பலர் நோயில் விழத் தொடங்கிவிட்டார்கள். இந்த நாள் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் தயாராகவில்லை.

1980-ல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை இயங்கத் தொடங்கியது. டிவிஎஸ் மொபெட் இங்கிருந்து சாலைக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். அதே பத்தாண்டின் பிற்பகுதியில், டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் இங்கே கைக்கடிகாரம் செய்தது. அன்றைய தருமபுரி மாவட்டத்தின் மானாவாரிக் கிராமங்களிலிருந்து பத்தாவது படித்தவர்களும் ஐடிஐ முடித்தவர்களும் ஆலை வாசலுக்கு வந்தார்கள். அன்று இருபது வயதில் உள்ளே போனவருக்கு இன்று அறுபத்தைந்தை ஒட்டிய வயது.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. வேலையில் சேர்ந்த நாளிலேயே பிறந்த தேதி பதிவேட்டில் ஏறியது. எந்த ஆண்டில் எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள் என்பதை ஆலை நிர்வாகம் விரல் நுனியில் வைத்திருந்தது. வருங்கால வைப்புநிதி நிறுவனம் வைத்திருந்தது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐ வைத்திருந்தது. மூவரும் அந்தத் தேதியை ஒரே வேலைக்குத்தான் பயன்படுத்தினார்கள்: பெயரை நீக்குவதற்கு.

மூக்கண்டப்பள்ளியிலும் மத்திகிரியிலும் பாகலூர் சாலையிலும் கடன் வாங்கிக் கட்டிய வீடுகளுக்குள் இன்று என்ன நடக்கிறது என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டவர் இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்தபின் எழாதவர் இருக்கிறார். ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நள்ளிரவில் கதவைத் திறக்கும் மறதி நோயாளி இருக்கிறார். இவர்களில் யாருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. குளிப்பாட்ட, சோறு ஊட்ட, புரட்டிப் படுக்கவைக்க, கழிப்பறைக்குத் தூக்கிச் செல்ல ஒரு ஆள் தேவை. ஒரு வாரத்துக்கு அல்ல, ஐந்து ஆண்டுக்கு. பத்து ஆண்டுக்கும் ஆகலாம்.

அந்த ஆளுக்குக் கூலி கொடுக்க இவர்களுக்குக் கிடைக்கும் காப்பீட்டிலும் பென்ஷனிலும் பணமில்லை. இதுதான் குற்றச்சாட்டு.

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். விலக்குகள் பகுதியில் ஐந்தாம் எண் விலக்கைத் தேடுங்கள். குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், நடமாட உதவுதல் போன்ற பராமரிப்புக்குப் பணம் தர முடியாது என்று அங்கே எழுதியிருக்கிறது. வீட்டில் செய்தாலும் இல்லை, இல்லத்தில் வைத்துச் செய்தாலும் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர் செய்தாலும் இல்லை. சாகும் தறுவாயில் இருப்பவருக்கான ஆதரவுச் சேவையும் அதே விலக்குக்குள் அடக்கம். இது ஏதோ ஒரு கம்பெனியின் கஞ்சத்தனம் அல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே தரப்படுத்திக் கொடுத்த வாசகம். முதியவருக்கு எது அதிகம் தேவையோ, அதைத் தேடிப் பிடித்து விலக்கியிருக்கிறார்கள்.

முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைக்குப் பணம் தரும். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கென 2024 அக்டோபரில் பிரதமர் தொடங்கிவைத்த ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடும் மருத்துவமனைக்குத்தான் பணம் தரும். மூளையில் அடைப்பு என்றால் படுக்கை உண்டு, ஸ்கேன் உண்டு, மருந்து உண்டு. ஏழாம் நாள் ‘டிஸ்சார்ஜ்’ என்று எழுதிய பிறகு சில நாள் மருந்தோடு எல்லாம் முடிந்தது. நோயாளியை ஆம்புலன்ஸில் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகு அந்தத் திட்டங்களுக்கு அவர் யாரோ.

வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பகல் நேரத்துக்கு மட்டும் ஒரு ஆள். நாளுக்கு 500 ரூபாய் என்று மிகக் குறைவாகவே வைப்போம். மாதம் 15,000 ஆகிறது. டயபர், சிறுநீர்ப் பை, படுக்கைப் புண்ணுக்கு மருந்து, தண்ணீர் மெத்தை, பிசியோதெரபி எல்லாம் தனி. இரவில் கண்விழிப்பது வீட்டாரின் வேலை. இந்தத் தொகைக்கு எதிரே என்ன வருமானம் இருக்கிறது?

1995 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுத்தால் பென்ஷன். கையில் வாங்கிய சம்பளம் எதுவானாலும் கணக்கில் 15,000-க்கு மேல் ஏறாது. 2014 ஆகஸ்ட் வரை செய்த வேலைக்கு அந்த உச்சவரம்பும் கிடையாது, 6,500தான். முப்பத்தைந்து ஆண்டு முழுவதும் 15,000 என்றே கணக்கிட்டாலும் மாதம் 7,500 ரூபாய். அப்படி வாங்கும் ஒருவரும் இன்று இருக்க முடியாது. திட்டத்துக்கே இன்னும் முப்பத்தைந்து வயது ஆகவில்லை. முழுச் சம்பளத்துக்கு உயர் பென்ஷன் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனவர்களை விட்டுவிடுவோம். மற்றவர்களின் கையில் வருவது சில ஆயிரங்கள். அதற்கு அகவிலைப்படி கிடையாது. ஓய்வு பெற்ற ஆண்டில் எவ்வளவோ, சாகும் ஆண்டிலும் அவ்வளவே.

குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரில் வைத்தது. பத்தாண்டு கடந்தும் அது அசையவில்லை. நாம் போட்ட கணக்கில் அது இரண்டு நாள் கூலி. மீதி இருபத்தெட்டு நாளுக்கு முதியவர் என்ன செய்ய வேண்டும் என்பதை மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் சொல்லட்டும்.

அந்த ஆயிரத்தையும் சும்மா தருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தாம் உயிரோடு இருப்பதை முதியவர் நிரூபிக்க வேண்டும். முப்பது ஆண்டு லேத்தில் தேய்ந்த விரலில் ரேகை விழாது. முகத்தைக் காட்டு என்கிறது செல்போன் செயலி. படுக்கையில் கிடப்பவரின் முகத்தைத் தூக்கிப் பிடிக்க ஒருவர், செல்போனைப் பிடிக்க இன்னொருவர். அவர் உயிரோடு இருப்பதில் அரசுக்கு இருக்கும் அக்கறை அத்துடன் முடிகிறது.

பர்மனென்ட் தொழிலாளியின் கதையாவது இது. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இதுவும் இல்லை.

ஓசூரிலும் பர்கூரிலும் சூளகிரியிலும் ஆலைகள் காண்ட்ராக்ட் ஆட்களின் முதுகில்தான் ஓடுகின்றன. பென்ஷன் கிடைக்கப் பத்தாண்டுப் பணி வேண்டும். காண்ட்ராக்டர் மாறுகிறார், கணக்கு எண் மாறுகிறது, நடுவில் சில மாதம் இடைவெளி விழுகிறது. மகள் கல்யாணம் என்று 10சி படிவம் கொடுத்து பென்ஷன் பணத்தை எடுத்தால் அதுவரையிலான பணிக்காலமும் அதோடு போகிறது. அப்படிச் செய்யாதே, பணிக்காலத்தைக் காப்பாற்றும் சான்றிதழை வாங்கி வை என்று சொல்ல வேண்டியவர் சொல்வதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அந்தத் தொழிலாளி ஆலை வாசலில் நிற்கும்போது கையில் எதுவும் இல்லை. அவர் எந்தக் கம்பெனியின் வண்டியை, எந்தக் கம்பெனியின் உதிரிபாகத்தைச் செய்தார் என்பது ஊருக்கே தெரியும். கம்பெனியின் ஏட்டில் மட்டும் அவர் பெயர் இல்லை.

காண்ட்ராக்டர் பிஎஃப் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஆகவே பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இல்லை. ஆலை நிர்வாகங்கள் அதைத் தெரியாதவை போல நடிப்பதை நிறுத்த வேண்டும். வைப்புநிதி அதிகாரிகள் அந்த நடிப்புக்கு உடன்படுவதை நிறுத்த வேண்டும்.

ஈஎஸ்ஐயின் கதை இன்னும் வினோதமானது. ஐந்தாண்டாவது ஈஎஸ்ஐயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் மருத்துவம் தொடரும். நல்ல விதி. ஆனால் 2017 ஜனவரியில் வைத்த 21,000 ரூபாய் சம்பள வரம்பைத் தாண்டியவர் வேலையில் இருக்கும்போதே ஈஎஸ்ஐயை விட்டு வெளியேற்றப்படுகிறார். இருபது ஆண்டு சந்தா கட்டியிருந்தாலும் ஓய்வு நாளில் அவர் ஈஎஸ்ஐ உறுப்பினர் அல்ல. 30,000 வரை சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு தளர்வை ஈஎஸ்ஐ நிர்வாகக் குழு 2024 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. அதற்கு மேலே வாங்கியவர்? கம்பெனியின் குழுக் காப்பீடு, பொன்னாடை போர்த்தி வழியனுப்பும் நாளோடு முடிகிறது. மறுநாள் காலை அவருக்குக் காப்பீடே இல்லை. அறுபதை நெருங்கும் வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள உடலோடு, புதிய பாலிசிக்கு அவர் விண்ணப்பம் எழுத வேண்டும்.

இவ்வளவும் கடந்து பராமரிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. யார் செய்கிறார்கள்? மருமகள் செய்கிறாள். மகள் செய்கிறாள். தானே மூட்டுவலியால் எழ முடியாத மனைவி செய்கிறாள். பெண்களுக்கு ஆயிரக்கணக்கில் வேலை தரும் மின்னணு ஆலைகள் எங்கள் மாவட்டத்தில் என்று ஒவ்வொரு முதலீட்டாளர் கூட்டத்திலும் பெருமை பேசுகிறார்கள். அந்த ஆலைக்குப் போக வேண்டிய பெண் மாமனாரின் படுக்கையருகே உட்கார்ந்திருக்கிறாள். அவள் இழந்த சம்பளத்தை யாரும் எழுதுவதில்லை. அவளுக்கு நாளை வராமல் போகும் பென்ஷனையும் யாரும் எழுதுவதில்லை. அரசும் ஆலையும் கட்ட வேண்டிய பில்லை அவள் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்குக் குடும்பப் பாசம் என்று பெயர் சூட்டி நிர்வாகம் கைகழுவுகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 19-ஆம் பிரிவு மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அமைக்கச் சொல்கிறது. குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும் அளவில். 20-ஆம் பிரிவு அரசு மருத்துவமனைகளில் முதியவர்களுக்குப் படுக்கையும் தனி வரிசையும் கேட்கிறது. 22-ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியரின் தோளில் பொறுப்பை ஏற்றுகிறது. ஆனால் 19-ஆம் பிரிவில் இல்லம் அமைக்க ‘வேண்டும்’ என்று எழுதாமல் அமைக்க‘லாம்’ என்று எழுதி வைத்ததில் அரசுகள் ஒளிந்துகொண்டன.

கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை 18 லட்சத்தைக் கடந்தது. 19-ஆம் பிரிவின்படியான 150 பேர் இல்லம் இந்த மாவட்டத்தில் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்று சமூகநலத் துறை அறிவிக்கட்டும். தொண்டு நிறுவனங்களின் பட்டியலைக் காட்ட வேண்டாம். அரசு கட்டிய கட்டடத்தைக் காட்டட்டும்.

உச்ச நீதிமன்றமும் கேட்டது. அஸ்வனி குமார் வழக்கில் 2018 டிசம்பர் 13 அன்று, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை முதியோர் இல்லங்கள், என்ன மருத்துவ வசதி என்று மாநிலங்களிடமிருந்து திரட்டி அறிக்கை தருமாறு உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஒரு திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. பிள்ளைகள் தர வேண்டிய பராமரிப்புத் தொகைக்கு உள்ள மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பை அது நீக்கியிருக்கும். வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளைப் பதிவுக்குள் கொண்டுவந்திருக்கும். நான்கரை ஆண்டு அது கிடப்பில் கிடந்தது. 2024-ல் பதினேழாவது மக்களவையோடு அது காலாவதியானது. ஒரு மசோதாவை நிறைவேற்ற நேரமில்லாத நாடாளுமன்றம், பிள்ளைகள் பெற்றோரைக் கவனிப்பதில்லை என்று உபதேசம் செய்ய மட்டும் நேரம் கண்டுபிடித்தது.

பிள்ளைகளைச் சொல்லி அரசு தப்பிக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை நாம் சொல்லிவிடுகிறோம். சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கும் மனைப் பிரிவுகளுக்கும் நிலம் போன ஊர்களில் செண்டுக்கு என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும். மிச்சமிருந்த நிலத்தையும் வீட்டையும் தான செட்டில்மெண்டாக எழுதி வாங்கிக்கொண்டு, தாயை வெளித்திண்ணையில் படுக்கவைத்த மகன்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அதே 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு அவர்களுக்குத்தான். கவனித்துக்கொள்வதாகச் சொல்லிப் பெற்ற சொத்து, கவனிக்காவிட்டால் திரும்ப வேண்டும். 2025 ஜனவரி 2 அன்று ஊர்மிளா தீக்ஷித் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை முதியவருக்குச் சாதகமாக விரித்துப் படித்தது. சொத்தோடு சுவாதீனத்தையும் மீட்டுத்தர அந்தச் சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அந்தத் தீர்ப்பு வட்டாட்சியர் அலுவலகச் சுவரில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தளியிலும் அஞ்செட்டியிலும் வேப்பனப்பள்ளியிலும் உள்ள பாட்டிமார்களில் பலருக்குத் தாய்மொழி தமிழ் அல்ல என்பது எழுபது ஆண்டாக எல்லைப் பகுதியை ஆளும் நிர்வாகத்துக்குத் தெரியாதா?

மாநில அரசு சும்மா இருந்தது என்று சொல்லவில்லை. அதனால்தான் கோபம் கூடுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. பிசியோதெரபி வருகிறது. நோய்த்தணிப்புச் செவிலியர் வருகிறார். ஐநா விருதும் வந்தது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் ரேஷன் அரிசியை எழுபது வயதைக் கடந்தவர்களின் வீட்டுக்குக் கொண்டுபோனது. மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோக முடிகிறது. அரிசியைக் கொண்டுபோக முடிகிறது. அந்த அரிசியைச் சோறாக்கி ஊட்ட, அந்த மாத்திரையை வேளைக்குக் கொடுக்க ஒரு பராமரிப்பாளரை மட்டும் அனுப்ப முடியாதா? வழி தெரிந்த அரசு, பாதி வழியில் நிற்கிறது.

2025-26 பட்ஜெட்டில் அன்புச்சோலை என்ற பெயரில் 25 பகல்நேர மையங்கள் அறிவிக்கப்பட்டன. பத்துக் கோடி ரூபாய். தமிழகம் முழுவதற்கும் 25. நடந்து வரக்கூடியவர்களுக்கு அது நல்ல இடம். படுக்கையில் இருப்பவர் எப்படி வருவார்?

முதியோர் ஓய்வூதியம் என்ற பெருமையையும் பார்த்துவிடுவோம். 1962-ல் இருபது ரூபாயில் தொடங்கிய முன்னோடித் திட்டம். 2023-ல் அது 1,200 ஆனது. அதில் எண்பது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசு தரும் பங்கு 200 ரூபாய். 2007-லிருந்து மாறாத தொகை. நாளுக்கு ஏழு ரூபாய்கூட ஆகவில்லை. ஓசூர் பஸ் நிலையத்தில் ஒரு டீயின் விலை அதைவிட அதிகம். இந்த 200-ஐ வைத்துக்கொண்டு முதியோர் நலம் பற்றி டெல்லியில் யாரும் பேசக் கூடாது.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2024 ஜூனில் ஓசூருக்கு விமான நிலையம் அறிவித்தீர்கள். 2,000 ஏக்கர். ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியை சிப்காட் திறந்தது. தொழிலாளி இளமையாக இருக்கும்போது அவருக்குக் கூரை போட வேண்டும் என்று சிப்காட்டுக்குத் தோன்றுகிறது. ஷிப்டுக்கு ஆள் வேண்டும் அல்லவா. ஷிப்டுக்குப் போக முடியாத வயதில் அதே தொழிலாளிக்கு ஒரு கூரை என்பது எந்த வரைபடத்தில் இருக்கிறது? ஆலைக்கு நிலம் ஒதுக்கத் தெரிந்தது. லாரிகள் நிற்க இடம் ஒதுக்கத் தெரிந்தது. உழைத்து ஓய்ந்தவர் படுக்க இடம் ஒதுக்கத் தெரியவில்லை.

ஆலை நிர்வாகங்களுக்கும் சாக்கு இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்குச் செலவிடலாம் என்ற ஏழாம் அட்டவணையில் முதியோர் இல்லம், பகல்நேரப் பராமரிப்பு மையம் இரண்டும் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கின்றன. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும், கடந்த பத்தாண்டில் இந்தத் தலைப்பில் இந்த மாவட்டத்தில் எவ்வளவு செலவிட்டது என்பதை வெளியிடட்டும். மரக்கன்றோடு எடுத்த படம் வேண்டாம். தொகை வேண்டும்.

வேறு நாடுகள் இதை எப்படித் தீர்த்தன என்பது ரகசியம் அல்ல. ஜெர்மனி 1995-ல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீட்டைத் தொடங்கியது. சந்தாவை வேலையளிப்பவரும் தொழிலாளியும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஜப்பான் 2000-ல் தொடங்கியது. அங்கே நாற்பது வயதிலிருந்து சந்தா கட்ட வேண்டும். தென்கொரியா 2008-ல். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் கம்பெனிகளின் கூட்டாளிகளில் ஜப்பானியரும் ஜெர்மானியரும் உண்டு. அவர்களிடமிருந்து தரக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொண்டோம். சரக்கைத் தேக்காமல் அனுப்பக் கற்றுக்கொண்டோம். இதைக் கற்றுக்கொள்ள மட்டும் நமக்கு மனம் வரவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், கேரளம் 2008-ல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்குக் கொள்கை வகுத்து, அந்தப் பொறுப்பை ஊராட்சிகளிடம் கொடுத்தது. செவிலியர் வீடு வீடாகப் போகிறார். பணம் ஊராட்சியின் திட்ட நிதியில் இருக்கிறது.

நேரம் குறைவு. தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.6 சதவீதம் என்றும், 2031-ல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்றும் மத்திய அரசின் மதிப்பீடே சொல்கிறது. நாட்டில் அறுபதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் இருக்கிறது என்று தேசிய ஆய்வு சொல்கிறது. இன்று சூளகிரியிலும் போச்சம்பள்ளியிலும் மின்வாகனமும் மின்னணுப் பொருளும் செய்யும் இளைஞர்களும் இதே படுக்கைக்குத்தான் வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட். முதல் தலைமுறைக்கு ஒரு வீடாவது மிஞ்சியது. இவர்களுக்கு அதுவும் மிஞ்சாது.

எனவே கேட்கிறோம்.

குறைந்தபட்ச பென்ஷனை உயர்த்துங்கள், விலைவாசியோடு கட்டுங்கள். முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 200 என்ற வெட்கக்கேட்டை நீக்குங்கள். ஈஎஸ்ஐயில் ஐந்தாண்டு சந்தா கட்டிய எவருக்கும், ஓய்வு நாளில் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், 120 ரூபாய் விதி செல்லும் என்று அறிவியுங்கள். ஐந்தாம் எண் விலக்கைக் காப்பீட்டு ஆணையம் திரும்பப் பெற வேண்டும். பராமரிப்புக்குப் பணம் தரும் பாலிசியைக் கட்டாயமாக்க வேண்டும். காலாவதியான திருத்த மசோதாவை நாடாளுமன்றம் மீண்டும் கையில் எடுக்க வேண்டும். இது டெல்லியின் வேலை.

கோட்டையில் எந்தக் கட்சி இருந்தாலும் அதன் வேலை இது: மக்களைத் தேடி மருத்துவத்தோடு ஊதியம் பெறும் பராமரிப்பாளரைச் சேர்க்க வேண்டும். சாமனப்பள்ளியிலேயே தொடங்கலாம். வீட்டிலேயே பராமரிக்கும் பெண்ணுக்கு மாதத் தொகை தர வேண்டும். சிப்காட்டின் ஒவ்வொரு வளாகத்திலும் ஓய்வு பெற்ற தொழிலாளர்களுக்கான பராமரிப்பு இல்லத்துக்கு நிலம் ஒதுக்க வேண்டும். அங்கே ஆலை வைக்கும் கம்பெனி அதற்குச் சந்தா கட்டுவதை ஒதுக்கீட்டு ஆணையிலேயே நிபந்தனையாக எழுத வேண்டும். சலுகைகளை எழுதும் அதே தாளில் இதற்கும் இடம் இருக்கிறது.

மாவட்ட ஆட்சியர் செய்ய வேண்டியதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனையில் பத்துப் படுக்கை முதியோர் பிரிவு என்பது 2010-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் விதி. அந்தப் படுக்கைகள் எங்கே, இன்று எத்தனை காலி என்பதை வாசலில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எல்லை தாண்டி பெங்களூரின் நிமான்ஸ், ஜெயதேவா மருத்துவமனைகளுக்குப் போகும் முதியவருக்கு எந்த அட்டை எங்கே செல்லும் என்று சொல்ல ஓசூர் அரசு மருத்துவமனையில் ஒரு மேசை போடச் சொல்லுங்கள். பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் எத்தனை மனு வந்தது, எத்தனை தொண்ணூறு நாளில் முடிந்தது, எத்தனை உத்தரவு நிறைவேறியது என்பதை மாதந்தோறும் வெளியிடுங்கள். இதற்கெல்லாம் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வேலை செய்தால் போதும்.

வாசகர்களுக்கு ஒன்று. பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர் ஓசூர் சார் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மகன் பெங்களூரில் இருந்தாலும் பெற்றோர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு நடக்கும். வக்கீல் வேண்டியதில்லை. கையெழுத்திட முடியாதவருக்காக வேறொருவர் மனு தரலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த தொண்ணூறு நாளில் முடிவு வர வேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் முன் போய் நில்லுங்கள். ஏன் வரவில்லை என்பதற்குப் பதிலை எழுத்தில் வாங்காமல் திரும்பாதீர்கள்.